தையற்காரர் மகன் எழுதிய வெயில் கணக்கு

1794-ம் வருஷம், ஜூலை மாதம். பிரான்ஸ் தேசத்தில் ஓசேர் என்ற சிறு நகரம். அந்த நகரத்துச் சிறையில் ஓர் இளைஞர் அடைபட்டுக் கிடந்தார். வயது இருபத்தாறு. உள்ளூர்ப் பள்ளியில் கணித ஆசிரியர். பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. சிறைக் கதவு திறந்தால் வெளியே போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வீட்டுக்குப் போகும் வழி. மற்றொன்று கில்லட்டின் மேடைக்குப் போகும் வழி. இரண்டாவது வழியில் தினமும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் 28-ந் தேதி பாரிஸில் ஒரு தலை உருண்டது. அது ரோபஸ்பியரின் தலை. எத்தனையோ பேரைக் கொலைமேடைக்கு அனுப்பியவர் தாமே அந்த மேடையில் ஏறினார். பயங்கர ஆட்சி முடிந்தது. ஓசேர் சிறையிலிருந்த ஆசிரியர் விடுதலை பெற்றார்.

அவர் பெயர் ஜோசப் ஃபூரியே. அன்று தப்பிய தலை இன்னும் முப்பத்தாறு வருஷங்கள் வேலை செய்தது. காலையில் குளிர்ந்து, பிற்பகலில் கொதித்து, இரவில் தணியும் உஷ்ணத்தைக் கணக்குக்குள் கொண்டுவரும் வழியை உலகத்துக்குக் கொடுத்தது அந்தத் தலைதான். அந்த வழி சரிதான் என்று பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மெழுகுவத்தித் துண்டுகள்

ஃபூரியே 1768-ம் வருஷம் மார்ச் 21-ந் தேதி ஓசேரில் பிறந்தார். தகப்பனார் தையற்காரர். முதல் மனைவி இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டவர். வீடு நிறையக் குழந்தைகள். பத்து வயதுக்குள்ளேயே ஜோசப் தாயையும் இழந்தான், தந்தையையும் இழந்தான்.

அனாதைச் சிறுவனுக்கு ஊர்ப் பெரியவர்கள் ஆதரவு காட்டினார்கள். பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. பதின்மூன்று வயதில் அவனைக் கணிதம் பிடித்துக்கொண்டது. பேஸூ என்பவர் எழுதிய ஆறு பாகக் கணித நூலைப் பதினான்கு வயதுக்குள் படித்து முடித்துவிட்டான். பகல் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, எல்லோரும் தூங்கிய பிறகு அந்த வெளிச்சத்தில் கணக்குப் போட்டான் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். அந்தப் படைக்குக் கணிதம் தெரிந்தவர்கள் தேவை. ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம், திறமைக் குறைவு அல்ல. பிரபு குலத்தில் பிறக்கவில்லை என்பதுதான். நியூட்டனே வந்தாலும் குலம் இல்லாவிட்டால் இடமில்லை என்பது அன்றைய பிரான்ஸின் நியாயம்.

வேறு வழியின்றித் துறவியாகலாம் என்று 1787-ல் மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் மனம் கணிதத்தில்தான் இருந்தது. சபதம் எடுத்துக்கொள்ளாமலேயே 1789-ல் வெளியே வந்தார். அந்த வருஷந்தான் புரட்சி வெடித்தது.

இரண்டு முறை சிறை

குலம் பார்த்து ஒதுக்கப்பட்ட இளைஞருக்குப் புரட்சி இனித்ததில் வியப்பில்லை. 1793-ல் ஓசேர் புரட்சிக் குழுவில் சேர்ந்தார். ஆனால் சீக்கிரமே பயங்கர ஆட்சியின் கொடுமை அவருக்குக் கசந்தது. விலகப் பார்த்தார், முடியவில்லை. ஓர்லேயான் நகரத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட சிலருக்காகப் பேசினார். அதனால் விரோதிகள் முளைத்தார்கள். சிறைவாசம் அதன் விளைவு.

விடுதலையான பிறகு பாரிஸில் ஆசிரியர்களுக்கென்று துவங்கிய உயர்தரக் கல்லூரிக்கு மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே பாடம் சொன்னவர்கள் லாக்ராஞ்சு, லாப்லாஸ், மோன்ஜ். அன்றைய ஐரோப்பாவின் கணித மேதைகள். முதல் இருவரின் பெயர்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர்களே குறுக்கே நிற்கப்போகிறார்கள்.

1795-ல் மீண்டும் ஒரு கைது. இம்முறை ரோபஸ்பியரின் ஆள் என்று குற்றச்சாட்டு! ரோபஸ்பியர் காலத்தில் சிறைக்குப் போனவர், ரோபஸ்பியரை ஆதரித்ததாக மறுபடியும் சிறைக்குப் போனார். நல்லவேளையாக விரைவில் வெளியே வந்தார். பாலிடெக்னிக் கல்லூரியில் ஆசிரியரானார். 1797-ல் லாக்ராஞ்சு வகித்த பதவி இவருக்கே கிடைத்தது. வயது இருபத்தொன்பது.

எகிப்து வெயில்

1798-ல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். பீரங்கிகளோடு விஞ்ஞானிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அவர்களில் ஃபூரியேயும் ஒருவர். கெய்ரோவில் ஒரு கல்விக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் செயலாளர் அவர்.

படையெடுப்பு பாழாயிற்று. ஆகஸ்டு முதல் தேதியே நெல்சன் பிரெஞ்சுக் கப்பல் படையை நாசம் செய்துவிட்டார். போனவர்கள் எகிப்தில் சிக்கிக்கொண்டார்கள். மறுவருஷம் நெப்போலியன் மட்டும் நழுவிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். ஃபூரியே 1801-ல்தான் ஊர் திரும்பினார்.

எகிப்திலிருந்து அவர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். குளிர் என்றாலே அவருக்கு ஆகாது. ஐரோப்பியக் கோடையில்கூடக் கனத்த கம்பளிச் சட்டை. அறையில் அனல் பறக்கும் கணப்பு. பார்க்க வந்தவர்கள் வியர்த்து வழிவார்கள். அவர் இன்னும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வார். உஷ்ணத்தைப் பற்றி உலகத்தில் எவரையும்விட ஆழமாக யோசித்தவர், உஷ்ணம் இல்லாமல் வாழ முடியாதவராகவும் இருந்தார்.

கலெக்டர் வேலையும் கணக்கும்

பாரிஸ் திரும்பிய ஃபூரியே கல்லூரிப் பாடத்தைத் தொடர விரும்பினார். நெப்போலியன் விடவில்லை. 1802-ல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஈஸேர் ஜில்லாவுக்கு அதிகாரியாக அனுப்பினார். நம் ஊர்க் கலெக்டர் மாதிரி வேலை. தலைமை அலுவலகம் கிரனோபிள் நகரத்தில்.

வேண்டாத பதவிதான். ஆனாலும் அதைத் திறம்படச் செய்தார். பூர்குவான் என்ற இடத்தில் பரந்த சதுப்பு நிலம் இருந்தது. அங்கிருந்து விஷக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. நீரை வடிக்கவேண்டுமானால் சுற்றியுள்ள சுமார் நாற்பது ஊர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபூரியே ஊர் ஊராகப் போனார். பொறுமையாகப் பேசினார். எல்லோரையும் சம்மதிக்க வைத்து நீரை வடித்தார். கிரனோபிளிலிருந்து இத்தாலியின் தூரின் நகரத்துக்கு மலைவழியே புதுச் சாலைக்கும் அவர்தான் ஏற்பாடு செய்தார்.

எகிப்தைப் பற்றிய மாபெரும் நூல் வரிசைக்கு முன்னுரை எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அந்த வேலையில் உள்ளூர் அறிஞர் ஒருவர் உதவினார். அவருடைய தம்பியும் எகிப்தின் மீது மோகம் கொண்ட பையன். ஃபூரியே அவனுக்கு ஊக்கம் கொடுத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தின் மர்மத்தை 1822-ல் உடைத்த ஷாம்போலியோன் அந்தப் பையன்தான்.

இவ்வளவு வேலைக்கும் நடுவே, சுமார் 1804-லிருந்து, இரவுகளில் வேறொரு வேலை நடந்தது. உஷ்ணம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது? ஓர் இரும்பு வளையத்தை ஓரிடத்தில் காய்ச்சினால் மற்ற இடங்கள் எப்போது, எவ்வளவு சுடும்? ஃபூரியே வளையத்தில் உஷ்ணமானிகளைச் செருகி அளந்தார். அளந்ததைக் கணக்கோடு ஒப்பிட்டார். பெரிய உண்மை ஒன்று பிடிபட்டது.

திருவிழா ராட்டினம்

அந்த உண்மையை ஒரு நாளின் உஷ்ணத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

திருவிழாவில் நிமிர்ந்து சுற்றும் ராட்டினத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் ஒரு தொட்டிலை மட்டும் கவனியுங்கள். கீழே மெதுவாகக் கிளம்புகிறது, நடுவில் வேகமாக ஏறுகிறது, உச்சியில் தயங்குகிறது, பிறகு அதே மாதிரி இறங்குகிறது. அந்த உயரத்தை நேரத்துக்கு நேரம் காகிதத்தில் குறித்தால் அழகான ஓர் அலை கிடைக்கும். பள்ளிக்கூடத்துத் திரிகோண கணிதத்தில் வரும் சைன், கொசைன் என்பவை இந்த அலைதான்.

இப்போது ராட்டினம் 24 மணி நேரத்தில் ஒரே சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அச்சு இருக்கும் உயரம்தான் அன்றைய சராசரி உஷ்ணம். உதாரணமாக 29 டிகிரி. அச்சிலிருந்து தொட்டில் வரை உள்ள நீளம் 5 டிகிரி. தொட்டில் உச்சிக்கு வரும் நேரம் பிற்பகல் 2 மணி. அப்படியானால் 2 மணிக்கு 34 டிகிரி. இரவு 8 மணிக்கு 29. பின்னிரவு 2 மணிக்கு 24. காலை 8 மணிக்கு மறுபடியும் 29. சராசரி, ஏற்றம், உச்சி வேளை என்ற மூன்றே எண்கள். ஒரு முழு நாளின் வெப்பமும் குளிரும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. இந்தக் கணக்குப்படி உஷ்ணம் ஏறப் பன்னிரண்டு மணி நேரம், இறங்கப் பன்னிரண்டு மணி நேரம். உண்மையில் அப்படி இல்லை. விடியற்காலையில்தான் குளிர் மிக அதிகம். சூரியன் கிளம்பியதும் உஷ்ணம் மளமளவென்று ஏறுகிறது. பிற்பகலிலிருந்து மறுநாள் விடியும் வரை மெல்ல மெல்ல இறங்குகிறது.

என்ன செய்வது? பெரிய ராட்டினத்தின் தொட்டிலில் ஒரு சின்ன ராட்டினத்தை மாட்டவேண்டும். அது ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுச் சுற்றும். அதன் நீளம் 1 டிகிரி போதும். இரண்டையும் தகுந்தபடி சேர்த்துக் கூட்டினால், ஏற்றம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கும். இறக்கம் பதினாலரை மணி நேரமாக நீளும். பிற்பகல் இரண்டரைக்கு உச்சி என்றால், விடியற்காலை ஐந்து மணிக்குக் கடைசிக் குளிர். கணக்கு நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! இன்னும் நெருங்க வேண்டுமா? மூன்று சுற்று, நான்கு சுற்று என்று இன்னும் சின்ன ராட்டினங்களை மாட்டிக்கொண்டே போகலாம்.

எவ்வளவு கோணல் மாணலான ஏற்ற இறக்கமாக இருந்தாலும் சரி, இப்படி எளிய அலைகளைக் கூட்டியே அதை எழுதிவிடலாம் என்றார் ஃபூரியே. ஒவ்வொரு அலையும் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்கும் முறையையும் வகுத்துக் கொடுத்தார்.

பெரியவர்கள் மறுத்தார்கள்

1807-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி அவருடைய ஆராய்ச்சி பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வந்தது. பரிசீலிக்க நால்வர் நியமிக்கப்பட்டார்கள். லாக்ராஞ்சு, லாப்லாஸ், மோன்ஜ், லாக்ருவா. மூவர் அவருடைய பழைய குருமார்கள்.

லாக்ராஞ்சு ஏற்கவில்லை. லாப்லாஸும் ஆட்சேபித்தார். லாக்ராஞ்சுக்கு இது புதிய விவாதமல்ல. அரை நூற்றாண்டுக்கு முன், அதிரும் தந்தியைப் பற்றி ஆய்லர், பெர்னூலி, டலம்பேர் முதலியோர் சண்டையிட்டபோதே இந்தக் கேள்வி எழுந்தது. இளைஞராக இருந்த லாக்ராஞ்சும் அதில் கலந்துகொண்டவர். வளைவே வடிவான அலைகளை எத்தனை கூட்டினால்தான் என்ன, மூலையும் முறிவும் உள்ள கோடு எப்படிக் கிடைக்கும்? இதுதான் அவருடைய சந்தேகம். சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை ஓரிடத்தில் நிற்குமா என்பதை ஃபூரியே முழுமையாக நிரூபித்துக் காட்டவில்லை.

கட்டுரை அச்சாகவில்லை.

ஃபூரியே சோர்ந்துவிடவில்லை. ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதினார். கழகமும் உஷ்ணப் பரவலையே பொருளாக வைத்து ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. 1811-ல் ஃபூரியே ஆராய்ச்சியை விரிவாக்கி அனுப்பினார். போட்டிக்கு வந்தவை மொத்தம் இரண்டே கட்டுரைகள். 1812 ஜனவரியில் பரிசு இவருக்கே கிடைத்தது. ஆனால் கூடவே ஒரு குறிப்பும் வந்தது. முடிவுகளை அடைந்த வழியில் சிக்கல் உண்டு, நிரூபணம் போதாது என்பது அதன் சாரம். பரிசைக் கையில் கொடுத்துவிட்டுப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! இந்த முறையும் அச்சு இல்லை.

மண் சொன்ன சாட்சி

பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே, அவர்கள் காலடி மண் இந்தக் கணக்கைத் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

வெயில் மேல்மண்ணைச் சுடுகிறது. அந்த உஷ்ணம் அலையாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க இரண்டு விஷயங்கள் நடக்கும் என்று ஃபூரியேயின் கணக்குச் சொல்கிறது. ஒன்று, அலை சிறுத்துக்கொண்டே போகும். மற்றொன்று, அது தாமதமாகிக்கொண்டே போகும். சாதாரண மண்ணில் சுமார் 12 சென்டிமீட்டர் ஆழத்தில், பகல் இரவு வித்தியாசம் மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். சுமார் 37 சென்டிமீட்டர் ஆழத்தில் அலை சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். மேலே நடுப்பகல் சூடு என்றால், அங்கே நள்ளிரவில்தான் அந்தச் சூடு போய்ச் சேரும். அதற்குள் அது இருபதில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்திருக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வேகமாக ஆடும் அலை சீக்கிரம் மடிகிறது. மெதுவாக ஆடும் அலை ஆழமாகப் போகிறது. ஆகவே ஒரு நாளில் இரண்டு சுற்றுச் சுற்றும் சின்ன அலை முதலில் மறைகிறது. ஒரு சுற்று அலை மிஞ்சுகிறது. மேலே கோணலாக இருந்த உஷ்ணக் கோடு, இரண்டு சாண் ஆழத்துக்குள் ஏறக்குறைய ராட்டினத் தொட்டில் போன்ற சுத்தமான அலையாகிவிடுகிறது. அலைகளைத் தனித்தனியாகப் பிரிப்பது வெறும் கணக்கு வித்தையல்ல. இயற்கையே அப்படித்தான் பிரிக்கிறது.

கோடை, குளிர்காலம் என்ற வருஷ அலை ஒரு நாள் அலையைவிட 365 மடங்கு மெதுவானது. ஆனால் 365 மடங்கு ஆழம் போவதில்லை. 365-ன் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்குதான் போகும். அதாவது சுமார் 19 மடங்கு. நாள் அலை ஒரு சாணில் தளர்ந்தால் வருஷ அலை ஓர் ஆளுக்கும் மேற்பட்ட ஆழத்தில் தளரும். இன்னும் கீழே போனால் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தின் அடியில் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் உண்டு. 1783-ல் லவாசியே கொடுத்த நுட்பமான உஷ்ணமானி அங்கே வைக்கப்பட்டது. வருஷம் முழுவதும் அதில் சுமார் 12 டிகிரிதான். அசைவே இல்லை. ஃபூரியேயின் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நெப்போலியன் திரும்பினார்

1814-ல் நெப்போலியன் வீழ்ந்து எல்பாத் தீவுக்குப் போனார். அரச வம்சம் திரும்பியது. ஃபூரியே பதவியில் நீடித்தார். 1815 மார்ச்சில் நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி, பாரிஸை நோக்கிப் படை திரட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் இருந்தது கிரனோபிள்!

ஃபூரியேயின் நிலை தர்மசங்கடம். பழைய எஜமானர் ஒரு பக்கம். இப்போதைய மன்னர் மறு பக்கம். மன்னருக்கு விசுவாசமாக இருக்கும்படி மக்களுக்கு அறிக்கை விட்டார். 7-ந் தேதி நெப்போலியன் ஊருக்குள் நுழைந்தபோது அவர் ஊரை விட்டு வெளியேறினார். நெப்போலியனுக்குக் கோபம் வந்தது. ஆனால் நேரில் கண்டதும் கோபம் தணிந்தது. லியோன் நகரைத் தலைமையாகக் கொண்ட ரோன் ஜில்லாவின் அதிகாரியாக அவரை நியமித்தார். கண்டிப்பான உத்தரவுகளை நிறைவேற்ற மனம் வராமல் ஃபூரியே மே மாதமே விலகிவிட்டார். ஜூனில் வாட்டர்லூ யுத்தம். நெப்போலியன் கதை முடிந்தது.

இப்போது ஃபூரியேக்கு இரண்டு பக்கமும் இல்லை. வேலையும் இல்லை. பாரிஸில் அதிகாரியாக இருந்த பழைய மாணவர் ஒருவர் கைகொடுத்தார். புள்ளிவிவர அலுவலகத்தில் ஒரு பதவி கிடைத்தது. 1816-ல் விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. நெப்போலியனிடம் வேலை பார்த்தவர் என்று மன்னர் பதினெட்டாம் லூயி அனுமதி மறுத்தார். மறுவருஷம் கழகம் மீண்டும் தேர்ந்தெடுத்தது. இம்முறை மன்னர் சும்மா இருந்துவிட்டார்.

1822-ல் அவர் கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். அதே வருஷம் உஷ்ணத்தின் பகுப்பாய்வு பற்றிய அவருடைய மகத்தான நூல் வெளிவந்தது. முதன்முதல் கட்டுரையைச் சமர்ப்பித்துப் பதினைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பரிசு பெற்றும் முடங்கிக் கிடந்த 1811-ம் வருஷக் கட்டுரையும் அவர் செயலாளராக வந்த பிறகே கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. அதைப் பார்க்க லாக்ராஞ்சு இல்லை. 1813-லேயே காலமாகிவிட்டார்.

பூமிக்கு ஒரு போர்வை

1824-ல் ஃபூரியே இன்னொரு கேள்வி கேட்டார். பூமி எவ்வளவு சூடாக இருக்கவேண்டும், எவ்வளவு சூடாக இருக்கிறது? சூரிய வெளிச்சம் காற்று மண்டலத்தை எளிதாகக் கடந்து நிலத்துக்கு வருகிறது. நிலத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத உஷ்ணம் அதே எளிமையோடு வெளியே போக முடிவதில்லை. ஆகவே காற்று பூமியைக் கதகதப்பாக வைக்கிறது என்றார். விண்வெளியும் பூமிக்குக் கணிசமான உஷ்ணம் தருகிறது என்று அவர் எண்ணியது தவறு. ஆனால் காற்று மண்டலத்தைப் பற்றிச் சொன்னது நிலைத்தது. பூமி சூடேறுவதைப் பற்றி இன்று நடக்கும் ஆராய்ச்சியின் வரலாறு அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் துவங்குகிறது.

கடைசி வருஷங்களில் அவருக்கு மூச்சுத் திணறல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடும்பம் இல்லை. கம்பளியும் கணப்புந்தான் துணை. ஆனாலும் வீடு தேடி வரும் இளம் கணித மாணவர்களுக்குக் குறைவில்லை. அப்படி அவரிடம் பழகியவர்களில் ஒருவர் டிரிஷ்லே என்ற ஜெர்மானிய இளைஞர். எளிய அலைகளின் கூட்டல் எந்தெந்த நிபந்தனைகளில் சரியாக நிற்கும் என்று 1829-ல் ஐயமற நிரூபித்துக் காட்டியவர் அவர்தான். லாக்ராஞ்சின் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறுவருஷம் மே மாதம் ஃபூரியே மாடிப்படியில் தவறி விழுந்தார். 16-ந் தேதி உயிர் பிரிந்தது. அறுபத்திரண்டு வயது.

பிறகு

1837 முதல் எடின்பரோ நகரத்துக் குன்று ஒன்றில், பாறைக்குள் நீண்ட உஷ்ணமானிகளைப் புதைத்து வருஷக்கணக்கில் அளந்தார்கள். ஏறக்குறைய 8 மீட்டர் ஆழத்தில், கோடையின் சூடு புத்தாண்டை ஒட்டித்தான் போய்ச் சேர்ந்தது. மேலே பனி, கீழே கோடை! ஃபூரியே சொன்ன தாமதமேதான். அந்த அளவுகளைப் பின்னர் அலசியவர் கெல்வின் பிரபு. பதினைந்து வயதில் ஃபூரியேயின் நூலை இரண்டே வாரத்தில் படித்து முடித்தவர் அவர். நாள் உஷ்ணக் கோட்டைக் கொடுத்தால் அதிலுள்ள அலைகளைப் பிரித்துத் தரும் ஓர் இயந்திரத்தையும் அவர் அமைத்தார். 1880-ஐ ஒட்டி லண்டன் வானிலை அலுவலகம் அதைப் பயன்படுத்தியது. கடலின் ஏற்ற வற்றத்தை இதே முறையில் முன்கூட்டிச் சொல்ல, 1879-ல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஓர் இயந்திரம் இங்கிலாந்தில் செய்யப்பட்டது.

ஓசேர் நகர மக்கள் 1849-ல் தங்கள் ஊர்க்காரருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் அது உருக்கப்பட்டுவிட்டது. ஆனால் பாரிஸில் ஈஃபல் கோபுரத்தின் முதல் தட்டைச் சுற்றி எழுபத்திரண்டு அறிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன. லாக்ராஞ்சின் பெயரும் உண்டு, லாப்லாஸின் பெயரும் உண்டு. பிரபு குலத்தில் பிறக்கவில்லை என்று பீரங்கிப் படை ஒதுக்கிய தையற்காரர் மகனின் பெயரும் அவற்றோடு இருக்கிறது. அந்த இரும்பின் மீதும் தினமும் வெயில் ஏறுகிறது, இறங்குகிறது. அவர் எழுதி வைத்த கணக்குப்படியே.